கல்லாங்குத்து, புல எண் 212

தாண்டிக்குடிக்கு மேலே மினி பஸ் மூச்சுவாங்கும்
மூன்றாம் வளைவில் இறங்கிக்கொண்டேன்.
தோளில் முக்காலி, பையில் டேப்.
புலப்படத்தின் நகலில் மடிப்பு விழுந்த இடத்தில்
ஒரு வீடு
மடிப்போடு கிழிந்திருந்தது.

பதிவேடு அதை வீடு என்று சொல்வதில்லை.
கல்லாங்குத்து, தீர்வை இல்லை, அவ்வளவுதான்.
எஸ்டேட்காரர் எபனேசர் அரண்மனை என்கிறார்,
தன் வேலிக்குள் வருமா என்று கேட்கும்போது மட்டும்.
சங்கிலி பிடிக்கும் பொம்மையன்
'பயந்தவன் கட்டினது' என்கிறான்.
அளந்தேன். சுவர் கனம் நாலே முக்கால் அடி.
பொம்மையன் சொன்னதைக் குறித்துக்கொண்டேன்.

வாசல் என் இடுப்புக்குச் சற்று மேல்.
விருந்தாளி பணிந்து வரவேண்டுமென்று வைத்தது
என்றார் எபனேசர்.
குனிந்தேன். முதலில் நுழைந்தது என் பிடரி.
பணிவு இல்லை ஐயா,
இது வெட்ட வசதி.

கல்வெட்டு கிடையாது. நிலைக்கல்லில்
பாதி யானையோ முழுப் பன்றியோ.
விஜயநகரத்துக்குக் கப்பம் கட்டியவனா,
கட்டாமல் மலையேறி ஒளிந்தவனா,
இரண்டுக்கும் சுவர் ஒரே கனம்தான் வேண்டும்.

கூரை போய் எத்தனை காலமோ.
மேல்மாடம் இருந்ததற்குச் சாட்சி
வரிசையாய் உத்திரக் குழிகள்,
சிலவற்றில் தகைவிலான் கூடு.
கொத்தளத்தின்மேல் மிளகுக்கொடி
ஏணியில்லாமல் ஏறியிருக்கிறது;
இந்த முற்றுகையில் வென்றது அது ஒன்றுதான்.
தானியக்குழிக்குள் காப்பி முளைத்து
காய்த்தும்விட்டது.
சுரங்கம் என்று ஊர் சொல்லும் பொந்தில்
முப்பது அடி டேப்பை விட்டால்
அது சாக்கடை. மழைக்கு இன்றும் ஓடுகிறதாம்.
பஞ்சாயத்து வாய்க்கால்
போன ஐப்பசியிலேயே அடைத்துக்கொண்டது.

வெளிமதிலைத் தேடி அலைந்தோம்.
கற்கள் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கின்றன,
காப்பி அலசும் தொட்டியில், மாதா கெபியின் படியில்.
ஆனால் தூர்ந்த அகழிக்கு அப்பால்
அவர்கள் நட்ட இண்டு முள்
வெட்ட வெட்டத் துளிர்த்து
இன்னும் காவல் நிற்கிறது.
யாரைத் தடுப்பது, எதுவரை தடுப்பது என்று அதற்கு
யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை.
காட்டுமாடு சுற்றிக்கொண்டு போனது. நான் போகவில்லை.
வலது குதிகாலில் ஒன்று முறிந்து நின்றது.

பிறகு துளைகளை எண்ணினோம், அம்பு விட வைத்தவை:
உள்பக்கம் முழ அகலம், வெளிப்பக்கம் விரல் அகலம்.
பதினொன்று பள்ளத்தாக்கைப் பார்க்கின்றன.
ஒன்று முற்றத்தைப் பார்க்கிறது.

கொத்தனின் பிழை என்றார் எபனேசர்.
'கெணத்தடியில கூடிப் பேசுற ஆளுகளுக்கு'
என்றான் பொம்மையன், பீடியைப் பற்றவைத்தபடி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அப்படிப்பட்ட வீடொன்றில்
நாலு வருடம் மருமகளாக இருந்தேன்.

அதன் வழியே பார்த்தேன்: கிணறு,
கிணற்றுமேட்டில் ஒரு சோற்று வாளி,
பக்கத்தில் ஒற்றைச் செருப்பு.
யாருடையது என்று யோசித்தேன்.
முள் பார்க்க நான் கழற்றிப் போட்டது.
அதற்குள்
குறி வைத்துவிட்டிருந்தது என் கண்.

மற்ற பதினொன்றுக்கும் கல்லை நகர்த்திப்போட்டு
ஏறித்தான் அளந்தேன்.
இதற்கு வேண்டியிருக்கவில்லை.
தரையிலிருந்து நாலடி எட்டங்குலம்.
எக்காமல், குனியாமல்,
என் உயரமுள்ள யாரோ
இங்கே நாள்கணக்கில் நின்றிருக்கிறார்கள்.

படிவத்தில் திசைக்கு நான்கு கட்டங்கள்.
'உள்ளே' என்று எழுத இடமில்லை.
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.
மை போடவில்லை.

வத்தலக்குண்டு பஸ்ஸில்
ஊக்கால் குதிகாலைக் கிளறிக்கொண்டிருந்தபோது
பக்கத்து இருக்கைக்காரி கேட்டாள்,
எங்கே குத்தினது?
வீட்டில், என்றேன்.